மதுரைக் குன்றுகளிலும் கண்மாய்களிலும் ஒலிப்பதிவுக் கருவி கட்டுவது எப்படி? இடம் பார்ப்பதிலிருந்து கார்டைப் பிரதி எடுப்பது வரை

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் நிற்கும் நாட்டுக் கருவேல மரத்தில், ஓர் ஆவணி மாதம் நெஞ்சுயரத்தில், பறவை, தவளைக் குரல்களைத் தானாகவே பதிவு செய்யும் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு வந்தேன். கண்மாய் அப்போது வெடித்துக் கிடந்தது. ஆடுகள் உள்ளே இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. கார்த்திகையில் பேட்டரி மாற்றப் போனால் மரத்தின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. கரையில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். "ஏந்தம்பி, கலுங்கு எந்த மட்டத்துல இருக்குன்னு பாத்திருந்தா தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு தெரிஞ்சிருக்கும்ல? யாரையாச்சும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" கலுங்கு என்பது கண்மாயில் மிகும் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்.

கருவி விலை உயர்ந்ததா, மென்பொருள் கெட்டிக்காரத்தனமானதா என்பதெல்லாம் பிறகுதான். பதிவு உருப்படுமா என்பதைக் கட்டிய இடம் முடிவு செய்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் இடம் பார்ப்பதற்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். அரிட்டாபட்டி, அழகர்மலை அடிவாரம், நாகமலை, சிறுமலைச் சரிவு, நம் ஊர்க் கண்மாய்கள் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது இது. மழைக்காட்டுக்குப் போகிறவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

முதலில் கேள்வி

"என்னென்ன இருக்கிறது என்று பார்க்கலாம்" என்று கருவியைக் கட்டினால் ஆயிரக்கணக்கில் கோப்புகள் சேரும். பதில் ஒன்றும் சேராது. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இந்தப் பாறையில் கொம்பன் ஆந்தை இந்த வருடமும் கூவுகிறதா?" என்பது ஒரு கேள்வி. "கண்மாயில் தண்ணீர் வந்த எத்தனையாம் நாள் தவளைகள் கத்தத் தொடங்குகின்றன?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடம், நேரம், செட்டிங் எல்லாமே வேறு.

ஒலி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் தெரிய வேண்டும். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு உட்பட 250 வகைப் பறவைகள், தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு ஆகியவை அங்கே இருப்பதாக அப்போது சொல்லப்பட்டது. இதில் பறவைகள் கருவிக்குப் பிடிபடும். தேவாங்கு இரவில் சீழ்க்கை போலக் குரல் கொடுக்கும், அதுவும் பிடிபடும். அழுங்கும் மலைப்பாம்பும் வாயே திறக்காத பிறவிகள். அவற்றுக்குத் தானியங்கிக் கேமராவையும் தடத்தையும்தான் நம்ப வேண்டும்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பதிவில் குரல் இல்லை என்றால் அந்த உயிர் அங்கே இல்லை என்று பொருளில்லை. அன்று கூவாமல் இருந்திருக்கலாம், தூரத்தில் இருந்திருக்கலாம், காற்று மறைத்திருக்கலாம். ஒரே இடத்தில் பல நாள் பதிவு செய்வது இதற்காகத்தான்.

அனுமதி, ஊர், பொதுமக்கள்

காப்புக் காடு என்றால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கயிறுகூடக் கட்டக் கூடாது. அழகர்மலை அடிவாரத்தில் தோப்பு எங்கே முடிகிறது, காப்புக் காடு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. வனக் காவலரிடம் எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். ஊர்ப் புறம்போக்கு, கண்மாய் என்றால் ஊராட்சியிடமும் அங்கே பல்லுயிர் மேலாண்மைக் குழு இருந்தால் அவர்களிடமும் சொல்ல வேண்டும். பட்டா நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதம் போதும். கல்வெட்டும் சமணப் படுகைகளும் உள்ள பாறைகளில் ஆணி, துளை, பசை எதுவும் வேண்டவே வேண்டாம். பாறையிலிருந்து விலகி ஒரு மரத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

காகிதத்தைவிட முக்கியமானது ஆடு மேய்ப்பவர்களிடம் பேசுவது. முள்காட்டுக்குள் ஒரு பச்சைப் பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். "அதுல கேமரா இருக்கா?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. நான் பெட்டிமேல் தமிழில் எழுதி ஒட்டிவிடுகிறேன்: "பறவை, தவளைச் சத்தம் பதிவு செய்யும் கருவி. கேமரா இல்லை." கீழே என் கைபேசி எண். மனிதப் பேச்சும் இதில் பதிவாகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெண்கள் தண்ணீர் எடுக்கும் சுனை, குளிக்கும் ஊருணிப் படித்துறை, ஒற்றையடிப் பாதை ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். தப்பித்தவறிப் பேச்சு பதிவானால் அந்தப் பகுதியை மேற்கொண்டு காதில் வாங்காமல் அழித்துவிடுங்கள்.

கருவியும் கணக்கும்

சின்னக் குழுக்கள் பெரும்பாலும் ஆடியோமாத் வாங்குகிறார்கள். கைக்குள் அடங்குகிற சர்க்யூட், மூன்று ஏ.ஏ. பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, அவ்வளவுதான். கையில் காசு இருந்தால் சாங் மீட்டர் வகைகள் உறுதியானவை. எதை வாங்கினாலும் மாதிரி வீதம் என்ற ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளாமல் நகரக் கூடாது.

கருவி ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறதோ, அதில் பாதி அதிர்வெண் வரைதான் பதிவாகும். 48 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். பறவை, தவளை, தேவாங்கு, சில்வண்டு எல்லாவற்றுக்கும் அது தாராளம். ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 346 எம்பி பிடிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று நாள் முழுக்கப் பதிந்தால் ஒரு நாளைக்கு 830 எம்பி. 64 ஜிபி கார்டு கணக்குப்படி 77 நாள் தாங்கும். எழுபது என்று வைத்துக்கொள்வது நல்லது.

வௌவால்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன், ஜி.மாரிமுத்து குழுவினர் இந்த வட்டாரக் குகைகளின் வௌவால்களை வைத்து உடலின் பகல்-இரவுக் கடிகாரத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் ஆராய்ந்தவற்றில் ஒன்றான ஸ்நைடர் இலைமூக்கு வௌவால் 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் குரல் கொடுக்கிறது. 256 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் 128-இல் முடிந்துவிடும். அந்த வௌவால் பதிவாகாமல் போகும், அல்லது வேறோர் அதிர்வெண்ணில் பொய்க்கோடாக விழும். 384 வைத்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு மணிக்கு 2.7 ஜிபிக்கு மேல் ஆகும் என்பதால் பொழுது சாய்ந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் மட்டும் பதியுங்கள். பழந்தின்னி வௌவால்களுக்கு இந்த முறை செல்லாது. அவற்றில் பெரும்பாலானவை நம் காதுக்குக் கேட்காத மீயொலியை வைத்து வழி தேடுவதில்லை.

கருவி கட்டும் முன் ஓர் இரவு

இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கட்ட நினைக்கிற இடத்தில் மாலை ஐந்து மணிக்குப் போய் உட்காருங்கள். ஒன்பது வரை இருங்கள். மறுநாள் விடியலில் நாலரைக்குத் திரும்ப வந்து ஏழரை வரை இருங்கள். துணைக்கு ஆள், டார்ச், முழுக்கால் செருப்பு அவசியம். பாறை இடுக்குகளில் கட்டுவிரியன் இருக்கும். கையில் ஒரு நோட்டு. கால் மணிக்கு ஒரு தடவை என்ன கேட்கிறது, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு சத்தமாக என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பகலில் அமைதியாகத் தெரிகிற இடம் இரவில் வேறு ஆளாக மாறிவிடும். நான்குவழிச் சாலை ஒரு கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறது என்று நினைப்போம். இரவில் காற்று அடங்கித் தரை குளிர்ந்ததும் லாரிச் சத்தம் காதருகே வந்துவிடும். கொம்பன் ஆந்தையின் குரலும் அதே கனத்த, தாழ்ந்த சுருதிதான். லாரியோடு கலந்துவிட்டால் எந்த மென்பொருளும் பிரித்துத் தராது. மோட்டார் பம்பும் அப்படித்தான். மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது என்று கிணற்றுக்காரரைக் கேளுங்கள்.

ஊர்த் திருவிழாவையும் கேட்க வேண்டும். காப்புக் கட்டிய நாளிலிருந்து கூம்பு ஒலிபெருக்கி விடிய விடியப் பாடும். அழகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் சித்திரையும் ஆடித் தேரோட்டமும் வந்தால் அந்த வாரப் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே மேல். சத்தத்தால் பறவைகள் என்ன ஆகின்றன என்பதே உங்கள் கேள்வியாக இருந்தால் கதை வேறு. அப்போது திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் சேர்த்தே பதியுங்கள்.

மயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது எந்தப் பக்கம் போனாலும் மயில். அது அடைகிற மரத்தின் கீழே கருவியைக் கட்டினால் விடியற்காலைப் பதிவு முழுக்க அகவலாகத்தான் இருக்கும். அடையும் மரத்தை அந்த ஒரு மாலையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சரியான புள்ளி எது

பாறைதான் நம் பக்கத்துப் பெரிய சவால். கல்மலைச் சுவரில் ஒலி பட்டுத் திரும்பும். ஆந்தை ஒரு முறை கூவினால் பதிவில் இரண்டாக விழும். ஆகவே பாறைமுகத்திலிருந்து இருபது, முப்பது மீட்டராவது விலகி, மைக் திறந்தவெளியைப் பார்க்கக் கட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஒருமுறை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். தட்டல் திரும்பக் கேட்டால் இன்னும் தள்ளிப் போங்கள். வெயில் காலத்தில் பாறை உமிழும் சூடு பேட்டரிக்கும் ஆகாது.

மரம் ஒல்லியாக இருக்கட்டும். இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளும் பருமன் போதும். பெரிய அடிமரம் பின்னாலிருந்து வரும் ஒலியை மறைத்துவிடும். பனை மரம் வேண்டவே வேண்டாம். காய்ந்த ஓலை காற்றில் அடிக்கும் சத்தம் எல்லா அதிர்வெண்ணிலும் விழும். என் முதல் பதிவில் பாதி அதுதான். ஆலும் அத்தியும் பழுக்கும் காலத்தில் பறவைச் சந்தையாக இருக்கும். ஒரே மரத்துக் கூட்டத்தை ஊர் முழுக்க இருக்கும் எண்ணிக்கை என்று நினைத்து ஏமாறுவோம்.

உயரம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் என்பது பொது வழக்கம். ஆடு மேயும் இடமென்றால் இரண்டரைக்கு ஏற்றுங்கள். வெள்ளாடு பின்னங்காலில் நின்று எட்டும் உயரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கண்மாய்க்குள் என்றால் பெரியவர் சொன்ன கணக்கு. கலுங்கின் மேல்மட்டம்தான் கண்மாய் நிறையும் மட்டம். பழைய தண்ணீர்க் கறை மரத்தில் தெரிந்தால் அதற்கு ஒரு மீட்டர் மேலே கட்டுங்கள். அதைவிட, கரையில் நிற்கும் மரமே நல்லது. தவளைக் கூட்டத்துக்கு மிக அருகில் வைத்தால் ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டுவிடும்.

காற்றை மறக்காதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மைக்குக்கு அப்படியே பொருந்தும். ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதி ஒரு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மூடிவிடும். அந்த மாதங்களில் குன்றின் கிழக்குச் சரிவில் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். வருடம் முழுக்க ஒரே புள்ளியில் பதிய வேண்டும் என்றால் சுற்றிலும் புதர் மறைப்புள்ள இடத்தைப் பிடியுங்கள்.

கருவிகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? சாதாரணப் பறவைகளுக்கு 250 மீட்டருக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 500. இல்லாவிட்டால் ஒரே செம்போத்தை இரண்டு கருவிகள் எண்ணும். ஆந்தைக் குரல் வெகுதூரம் போவதால் அதைவிடத் தள்ளி வைக்க வேண்டும். வௌவாலுக்கு நேர்மாறு. 130 கிலோஹெர்ட்ஸ் ஒலி சில மீட்டரிலேயே காற்றில் கரைந்துவிடும். குகைக்குள் நுழையாமல், வாசலுக்கு வெளியே அவை பறந்து போகும் தடத்தின் ஓரத்தில் வைத்தால் போதும். உள்ளே டார்ச் அடித்துக் கலைத்துவிட்டால் நீங்கள் பதிவு செய்வது உங்கள் தொந்தரவைத்தான்.

மூன்று கருவிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாறையடி, கண்மாய்க் கரை, முள்காடு என்று ஒவ்வொன்றிலும் ஒன்று கட்டுங்கள். மூன்றிலும் ஒரே செட்டிங், ஒரே நாள்கள். ஒரு மாதம் பாறையடி, மறுமாதம் கண்மாய் என்று ஒரே கருவியைத் தூக்கித் திரிந்தால், தெரியும் வித்தியாசம் இடத்தால் வந்ததா மழையால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது.

கட்டுவது

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டிக் கட்டினால் மரம் பருத்தாலும் நெரிக்காது, பிடியும் விடாது. மதுரையில் எந்தப் பஞ்சர் கடையிலும் சும்மா கொடுப்பார்கள். மைக் துளைக்கு முன்னால் இலையோ கிளையோ உரசக் கூடாது. பிளாஸ்டிக் உறை போட்டால் இறுக்கமாகப் போடுங்கள், தொளதொளத்தால் படபடக்கும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். முசுறு எறும்பு ஏறும் மரத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடுங்கள். சிலந்தி மைக் துளையை வலையால் மூடும் என்பதால் போகும்போதெல்லாம் துடையுங்கள். அழகர்மலைப் பக்கம் குரங்குகள் பளபளக்கும் எதையும் பிய்த்துப் பார்க்கும். பெட்டியை மங்கலான பழுப்பு நிறத்தில் மறையுங்கள், பாலித்தீன் நுனி எதுவும் தொங்க விடாதீர்கள்.

நேரம் என்ற கண்ணி

பல கருவிகள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். விடியல் பதிவுக்காக 5:30 என்று போட்டேன். கருவி தன் கடிகாரப்படி 5:30-க்கு, அதாவது நம் பகல் 11 மணிக்கு எழுந்து பதிவு செய்தது. மூன்று வாரமும் ஆட்டு மணியும் வெயிலில் கத்தும் சில்வண்டும்தான். நம் காலை 5:30 என்றால் அங்கே 00:00 என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆடியோமாத்தில் பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் போய்விடும். புது பேட்டரி போட்டதும் நேரத்தை மறுபடி ஏற்றாமல் வீடு திரும்பாதீர்கள்.

எந்த நேரம் பதிவது என்பதற்கு நம் ஊர்ப் பெயர்களே வழிகாட்டும். ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில் வந்து விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால்தான் அந்தப் பெயர். மதுரையில் சூரிய உதயம் ஆண்டுக்குள் முக்கால் மணி வரை நகரும் என்பதால் 5 முதல் 7:30 வரை தொடர்ச்சியாக வைத்துவிடுங்கள். பக்கி என்னும் இரவுப் பறவை, ஆந்தை, தேவாங்குக்கு மாலை 6 முதல் 10 வரையும் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரமும். தவளைக்கு முதல் பெருமழை பெய்த இரவிலிருந்து. ஒலிப்பெருக்க அளவு நடுத்தரத்தில் இருக்கட்டும்; நடுவில் மாற்றினால் முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது.

கிளம்பும் முன்

பதிவு ஓடத் தொடங்கியதும் மைக் முன்னால் நின்று இடம், தேதி, நேரம், கருவி எண் ஆகியவற்றைச் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு 25, 50, 100 மீட்டரில் நின்று மும்மூன்று கைதட்டு. எவ்வளவு தூரம் வரை அந்தக் கருவிக்குக் கேட்கிறது என்பது பின்னால் இதிலிருந்துதான் தெரியும். ஜிபிஎஸ் புள்ளி, உயரம், மைக் பார்க்கும் திசை, மரத்தின் பெயர், நான்கு பக்கப் புகைப்படம் எல்லாம் நோட்டில் ஏறட்டும். முதல் தடவை ஒரு வாரத்திலேயே திரும்பிப் போய்க் கார்டைப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து வெறும் கார்டைப் பார்ப்பதைவிட ஒரு லிட்டர் பெட்ரோல் மலிவு.

கேட்பது

கோப்புகளை முதலில் ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலித்தது என்று காட்டும் படமாகப் பாருங்கள். அதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். மழையும் காற்றும் அடித்த நிமிடங்கள் கண்ணுக்கே தெரியும், ஒதுக்கிவிடலாம். பறவைகளை இனம் பிரிக்கக் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய பேர்ட்நெட் என்ற மென்பொருள் உதவும். மூன்று மூன்று விநாடியாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் இனப்பெயரும் மதிப்பெண்ணும் தரும். அட்சரேகை, தீர்க்கரேகை, வாரம் ஆகியவற்றைக் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் நாகமலையில் ஐரோப்பியக் குருவியைக் காட்டும். 0.9 மதிப்பெண் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று அர்த்தமில்லை. ஒவ்வோர் இனத்திலும் ஐம்பது துண்டுகளையாவது நீங்களே கேட்டு, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம் என்று முடிவு செய்யுங்கள். இனம் புரியாத இரவுக் குரல்களை நான் மேய்ச்சல்காரர்களிடம் போட்டுக் காட்டுவேன். கருவியை முறைத்துப் பார்த்தவரே ஆர்வமாகி, "இது பக்கி. அது தேவாங்கு, அந்தப் பாறைக்குப் பின்னாலருந்து வரும்" என்று திசையோடு சொல்வார்.

பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டு விலங்கை வரவழைக்கும் வேலை வேண்டாம். முட்டையிட்ட ஆந்தை கூட்டை விட்டு வெளியே வந்துவிடும்.

பதிவுகளை யாருக்குக் கொடுப்பது என்பது யோசிக்க வேண்டியது. 2024-இல் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டு, ஊர்களின் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதை ரத்து செய்தது. அதுபோன்ற நேரத்தில் தேதியும் இடமும் உள்ள பதிவு, "எங்க ஊர்ல ஆந்தை இருக்கு" என்ற வாய்ப்பேச்சைவிடக் கனமானது. ஆகவே வனத்துறைக்கும் ஊராட்சிக் குழுவுக்கும் முழு விவரத்தையும் கொடுங்கள். பொதுவெளியில் போடும்போது மட்டும் தேவாங்கு, ஆந்தைக் கூடு இருக்கும் புள்ளிகளை எடுத்துவிட்டு வட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். மாந்திரீகத்துக்காகத் தேவாங்கைப் பிடிக்கிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள். புகைப்படத்தோடு இடத் தகவல் ஒட்டிக்கொண்டு போகும், அதையும் நீக்குங்கள்.

கார்டில் உள்ளதை இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இரண்டிலும் கோப்பு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகு கார்டை ஃபார்மேட் செய்து, புது பேட்டரி போட்டு, நேரத்தை ஏற்றி, மறுபடி மரத்துக்குப் போங்கள். போகிற வழியில் ட்யூபை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஒரு கோடையில் வெயில் பட்டு இற்றுப்போயிருக்கும்.